தொண்டை நாட்டு வள்ளல்

எங்கள் எம்.டி.யைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. 14 வருடமாக அவரிடம் சம்பளம் வாங்குகிறேன். ஆகவே இதில் வரும் புகழ்ச்சி கலப்படமற்றது என்று நம்பி வாசிக்கலாம்.

ஒரகடம் சிப்காட்டில் எங்கள் பட்டறை. பட்டறை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. வாசல் பலகையில் 'பிரிசிஷன்' என்று இருக்கிறது. கார் கம்பெனிக்குச் சாமான் செய்து கொடுக்கும் கம்பெனிக்குச் சாமான் செய்து கொடுக்கும் கம்பெனி. குவாலிட்டி என் பொறுப்பு. ஒரு புஷ்ஷின் உள்விட்டம் 20 மைக்ரான் கூடிவிட்டால், தலைமுடியின் கனத்தில் பாதிகூட வராது அது, அந்த லாட் முழுவதும் சிவப்புத் தொட்டிக்குப் போகும். எம்.டி.யே இறங்கி வந்து தொட்டிப் பக்கத்தில் நின்று, புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பையனிடம் சொல்வார்: "தம்பி, கண்ணு பொய் சொல்லும். மைக்ரோமீட்டர் சொல்லாது." அதை அச்சடித்து, பிரேம் போட்டு, இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் மாட்டியிருக்கிறோம். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் கார்புரேட்டர் வாங்கினார்.

அதற்கு முன் வண்டி. ராணுவம் கழித்துவிட்டு ஏலம் விட்ட நிசான் ஒரு டன் லாரி. ஜபல்பூர் வெஹிக்கிள் ஃபாக்டரியில், ஜப்பான் நிசானிடம் உரிமம் வாங்கிச் செய்தது. அதே ஆலையில் பிறந்த அதன் தம்பிதான் ஜோங்கா. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே இதயம்: வரிசையில் நிற்கும் 6 சிலிண்டர், 3,956 சிசி, பெட்ரோல். போர் 85.7 மி.மீ., ஸ்ட்ரோக் 114.3 மி.மீ. குறுக்கே ஒடுங்கி நெடுக்கே நீண்ட இந்த அளவைப் பார்த்தாலே அதன் சுபாவம் தெரிந்துவிடும். விசிறி மாதிரி சுற்றப் பிறந்த எஞ்சின் அல்ல. செக்கு மாதிரி நிதானமாகச் சுற்றிக்கொண்டே மலையேறப் பிறந்தது. 2019இல் தோனி ராஞ்சியில் ஜோங்கா ஓட்டிப்போன படம் வந்த பிறகு சென்னையைச் சுற்றிலும் பலருக்கு தேசபக்தி பெட்ரோலில் ஓட ஆரம்பித்தது. எங்கள் எம்.டி. கும்பலோடு போகிறவர் இல்லை. எல்லோரும் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது இவர் அண்ணனைத் தேடிப் பிடித்தார். காரணம், அண்ணன் பெரிசு.

படப்பையில் மெக்கானிக் பாயின் ஷெட்டில் வண்டி ஒன்றரை வருடம் கிடந்தது. தகரம், சேஸிஸ், பெயின்ட் எல்லாம் முடிந்ததும் எம்.டி. "பெர்ஃபார்மன்ஸ்" என்றார். ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் ஏற்றினார்கள். போர்ட்டுகளைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். வால்வு கூடுதலாகத் திறக்கும்படி கேம் ஷாஃப்டைத் திரும்ப அரைத்தார்கள். புகை போக ஆறு குழாய் ஹெட்டர் வளைத்தார்கள். 4,000 சுற்றுக்கு மேல் போனால் முனகுகிற எஞ்சின், இப்போது 4,500 வரை முகம் சுளிக்காமல் போனது. ஓய்வுபெற்ற சுபேதார் ஜிம்முக்குப் போய் வந்த மாதிரி. இதுவரை எல்லாம் ஒழுங்கு. பாய் கை வைத்த இடத்தில் குறை சொல்ல முடியாது. அதனால் அவரைப் பற்றி இந்தக் கட்டுரையில் அதிகம் இல்லை.

மிச்சம் இருந்தது கார்புரேட்டர் ஒன்றுதான்.

எங்கள் பட்டறையில் ஒரு போல்ட் வாங்குவதற்கு மூன்று கொட்டேஷன், ஒரு டிராயிங், சப்ளையர் ஒப்புதல், முதல் மாதிரி ரிப்போர்ட் எல்லாம் வேண்டும். இத்தனை சடங்கும் சாதாரண மனிதர்களுக்கு. கார்புரேட்டர் விஷயத்தில் எம்.டி. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரிடம் போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "இருக்கறதுல எது பெரிசு?" மைத்துனர் அடுக்கினார். 600 உண்டு, 750 உண்டு, 850 உண்டு. 850 சூட்கேஸில் சட்டைகளுக்கு இடம் விடாது என்று தோன்றியதோ என்னவோ, 750 போதும் என்று எம்.டி. அடங்கிப்போனார். அவருடைய எளிமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வந்து இறங்கியது ஹோலி 750, டபுள் பம்பர். நான்கு தொண்டை. இந்த வகையில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்றில் பின்னிரண்டு தொண்டையும் எஞ்சினின் உறிஞ்சலைப் பார்த்து, அது கேட்டால்தான் திறக்கும். இன்னொன்றில் காலை அமுக்கினால் நான்கும் திறந்துவிடும், எஞ்சினைக் கேட்கிற வழக்கமே இல்லை. முதல் வகை இந்த மாதிரி கனமான வண்டிக்குப் பொருத்தம் என்று பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். எம்.டி. சிரித்தார். "கேட்டாத்தான் குடுப்பேன்னு சொல்றதுக்கு அது என்ன பாய், பேங்க்கா?" கேளாமலே கொடுப்பவன்தானே வள்ளல். முல்லைக்கொடி பாரியிடம் தேர் கேட்டதா?

பொறாமைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதையும் சொல்லிவிடுவது நியாயம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 3,956 சிசி எஞ்சின் என்றால் சுற்றுக்கு 2 லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 4,500 சுற்றில் நிமிடத்துக்கு 8,900 லிட்டர். ஆனால் எந்த எஞ்சினும் வயிறு முட்டச் சாப்பிடுவதில்லை. வால்வு திறந்து மூடுவதற்குள் எவ்வளவு நுழையுமோ அவ்வளவுதான். நன்றாகத் தேய்த்துவிட்ட எஞ்சினுக்கு 85 சதவீதம் என்று போட்டால் அதுவே தாராளம். சுமார் 7,570 லிட்டர். கார்புரேட்டர்காரர்கள் கன அடியில் பேசுவதால் 28.3ஆல் வகுத்தால் 267. எட்டாம் வகுப்புக் கணக்கு. ரகசியமும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த மகான் குருவிடம் பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கெல்லாம் சொன்னார் என்பார்கள். இந்தச் சூத்திரத்தையும் உலகம் அப்படித்தான் பல தலைமுறையாகக் கூவிக்கொண்டிருக்கிறது. கீழே நிற்கிற எம்.டி.யின் காதில்தான் 750 என்ற எண் அடைத்துக்கொண்டிருக்கிறது.

எஞ்சின் கேட்பது 267. கொடுத்திருப்பது 750. மிச்சம் என்ன ஆகிறது என்று கேட்பவர்களுக்குத் தொலைநோக்கு இல்லை. இதே மாதிரி இன்னும் இரண்டு எஞ்சின் ஏலத்தில் எடுத்துப் பக்கத்தில் கட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும். நேராவதென்ன, 50 கன அடி போதாமலே போகும். அப்போது 850 வாங்கிக்கொள்ளலாம்.

கார்புரேட்டரைக் கையில் வாங்கி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது எம்.டி.க்கு ஒரு மனவருத்தம் ஏற்பட்டது. ஒவ்வொரு தொண்டையும் நடுவில் ஒடுங்கியிருந்தது. "இவ்ளோ பெரிசா செஞ்சிட்டு நடுவுல ஏன் இடுப்பு புடிச்சிருக்கான்? லேத்துல குடுத்து போர் பண்ணிடலாமா?" பாய் அவசரமாக வாங்கித் துணியில் சுற்றி வைத்தார்.

அந்த இடுப்புதான் கார்புரேட்டர். ஒடுங்கிய இடத்தில் காற்று விரையும். விரையும் இடத்தில் அழுத்தம் விழும். அப்படி விழுந்த அழுத்தம்தான் ப்ளோட் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை ஜெட் வழியாக இழுத்துப் பொடிப்பொடியாக்கிக் காற்றில் தூவும். இந்த உறிஞ்சலில் பம்பு இல்லை, மோட்டார் இல்லை, மூளை இல்லை. காற்றின் வேகம் ஒன்றை மட்டும் நம்பி நிற்கும் சாமான். ஒடுங்கிய குழாயின் இந்தக் குணத்தை 1797இல் வெஞ்சூரி என்ற இத்தாலியர் எழுதி வைத்தார். 1893இல் மைபாக் என்பவர் டெய்ம்லரின் எஞ்சின்களுக்காக, பெட்ரோலைப் பீய்ச்சும் கார்புரேட்டரைச் செய்தார். அந்த டெய்ம்லர் பெயரைத் தாங்கிய லாரி ஆலை 2012இலிருந்து இதே ஒரகடத்தில் ஓடுகிறது. எங்கள் எம்.டி. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் வருகிறார். சகவாச தோஷம் அவரை அண்டவில்லை.

தொண்டை அகலமானால் அதே காற்று சோம்பலாகப் போகும். சோம்பிய காற்றுக்கு உறிஞ்சும் பலம் கிடையாது. இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சலாம்; நாலங்குல பிவிசி பைப்பை நட்டு உறிஞ்சிப் பார்த்தால் வாய் வலிக்கும், இளநீர் வராது. ஒரு கீரைப் பாத்திக்குச் செம்பரம்பாக்கம் மதகைத் தூக்குகிற காரியம் என்றும் சொல்லலாம். ஆனால் இதெல்லாம் சின்னப் பாத்திக்காரர்கள் பேசுகிற பேச்சு. நாம் இருப்பது தொண்டை நாடு. தொண்டை நாட்டான் தொண்டை பெரிதாக இருக்கட்டும் என்று ஆசைப்படுவதில் என்ன பிழை?

இந்த மனப்பான்மை அவரோடு நிற்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். எங்கள் மெஷின் ஷாப் பையன் ஒருவன் பழைய புல்லட் 350 வைத்திருக்கிறான். 346 சிசி, அதற்கு 24 மி.மீ. மிக்கார்ப் கார்புரேட்டர். முதலாளி எவ்வழி தொழிலாளி அவ்வழி என்று அவன் 34 மி.மீ. ஒன்று வாங்கி மாட்டினான். விட்டத்தில் 10 மி.மீ.தான் கூடுதல், பரப்பில் இரண்டு மடங்கு. இப்போது அந்த வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆவதில்லை என்பதால் அவன் கால் தசை நன்றாக முறுக்கேறியிருக்கிறது. இன்னொரு பக்கம், பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் ஃபார்முலா ஸ்டூடண்ட் கார் செய்கிறார்கள். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் போட்டி நடக்கும். 600 சிசி எஞ்சினின் மொத்தக் காற்றும் 20 மி.மீ. துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. அதற்குள் அவர்கள் எப்படியோ காற்றை விரட்டி, பறக்கிறார்கள். எம்.டி.யிடம் இதைச் சொன்னபோது உண்மையாகவே இரக்கப்பட்டார். "பாவம், பசங்க. ஸ்பான்சர் இல்ல போல."

கார்புரேட்டர் வந்தாயிற்று. உட்கார இடம் வேண்டுமே. நிசான் மேனிபோல்டின் வாய்க்கும் இந்த நான்கு தொண்டைக்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் வேண்டும். அங்கேதான் எங்கள் கம்பெனியின் மேன்மை வெளிப்பட்டது. டிசைன் டிபார்ட்மென்ட் மூன்று நாள் உட்கார்ந்து டிராயிங் போட்டது. அலுமினியம், 25 மி.மீ. கனம். துளைகளின் இடம் 0.05க்குள். மேற்பரப்புச் சமதளம் 0.02க்குள். கஸ்டமர் வேலையை நிறுத்திவிட்டு வி.எம்.சி.யில் ஏற்றினோம். சி.எம்.எம்.மில் வைத்து 32 புள்ளி அளந்து ரிப்போர்ட் போட்டேன், எல்லாம் பச்சை. எம்.டி. ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்து, சமதளம் 0.017 என்பதைப் பார்த்துப் பூரித்து, கையெழுத்துப் போட்டார். பொருந்தாத ஒன்றை இவ்வளவு துல்லியமாகப் பொருத்திய இன்னொரு கம்பெனி இந்தச் சாலையில், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் வரை, இருக்காது. மார்தட்டிச் சொல்வேன்.

முதல் ஓட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நான் பக்கத்து சீட்டில். ஒரகடம் ஜங்ஷன், சிக்னல். ஷிப்ட் விடுகிற நேரம். பின்னால் கம்பெனி பஸ்கள், அதற்குப் பின்னால் கன்டெய்னர்கள். பச்சை விழுந்தது. எம்.டி. காலை முழுக்க அமுக்கினார்.

எஞ்சின் யோசித்தது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவசர யுகத்தில் ஒரு எஞ்சின் கட்டளை வந்ததும் பாயாமல், நின்று, "இது தேவைதானா" என்று தன்னையே கேட்டுக்கொள்வது எவ்வளவு பெரிய பண்பாடு. நான்கு தொண்டையும் ஒரே நேரத்தில் திறந்ததால் உறிஞ்சல் சரிந்துவிட்டது. காற்று உலாவப் போகிறவரைப் போல உள்ளே வந்தது. மெயின் ஜெட்டுக்கு அழைப்பே போகவில்லை. ஆக்ஸிலரேட்டர் பம்பு இரண்டும் ஆளுக்கொரு வாய் பெட்ரோலைத் துப்பின. அது தீர்ந்ததும் வெறுங்காற்று. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, 'பொக்' என்று கார்புரேட்டர் வழியாகவே இருமி, நின்றது. பின்னாலிருந்து எழுந்த ஹாரன் ஒலி, தேர் நிலையை விட்டுப் புறப்படும்போது எழும் வாத்திய ஒலியைப் போலிருந்தது. எம்.டி. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எல்லாரும் வண்டியத்தான் பாக்கறாங்க" என்றார். உண்மை.

யோசனையைக் குறைக்க பாய் பம்பின் பீய்ச்சுத் துளையைப் பெரிதாக்கினார். அதன் பிறகு வண்டி நிற்கவில்லை. பதிலாக ஒரு கருமேகம் புறப்பட்டது. கர்ணன் கூடக் கேட்டவருக்குத்தான் கொடுத்தான். எங்கள் வண்டி பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரர், டீக்கடை பெஞ்சில் இருந்தவர், சிக்னல் கம்பத்தடியில் படுத்திருந்த நாய் எல்லோருக்கும் பாரபட்சமின்றி எரியாத பெட்ரோலை வழங்கியது. ஒரு லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கொடுத்தது. படப்பை பெட்ரோல் பங்க் பையன்கள் இப்போது எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள்.

ஐடிலிங்கில் நின்றால் கண் எரியும். பிளக்கைக் கழற்றினால் காஜல் தீட்டிக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் எஞ்சின் ஆயிலில் நடந்தது. ஊரில் எல்லா வண்டிகளிலும் ஆயில் குறையும். எங்கள் வண்டியில் ஏறியது. வாரா வாரம் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்க, கோடு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. மணிமேகலை அமுதசுரபியோடு கடைசியில் காஞ்சிக்குத்தான் வந்தாள்; பக்கத்து ஊர்தானே, வழியில் எங்காவது வைத்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பாய் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்து, "பெட்ரோல் இறங்குது சார்" என்றார். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே சொட்டுகிறதாம். இப்படியே போனால் பேரிங் போய்விடுமாம். எண்ணெயும் பெட்ரோலும் பேதமின்றிக் கலப்பதை சமரசம் என்று பார்க்காமல் பேரிங் என்று பார்க்கிறவருக்கு என்ன சொல்வது.

எம்.டி. மனம் தளரவில்லை. இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதே காற்றுக்குக் கொஞ்சம் அதிகமாக ஊற்ற வேண்டும், ஆகவே பெரிய கார்புரேட்டர்தான் சரி என்று ஒரு வாதம் வைத்தார். முதல் பாதி சரியான அறிவியல். பாய் மெதுவாகச் சொன்னார்: "அதுக்கு ஜெட்ட மாத்தணும் சார். வாய மாத்தக் கூடாது."

டைனோவில் ஏற்றி அளந்துவிடலாமே என்று நான் ஒருமுறை வாய் தவறிக் கேட்டேன். வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் எங்கள் ஒரகடத்திலேயே இருக்கிறது. எம்.டி. தன் சீட்டின் அடிப்பாகத்தைத் தட்டிக் காட்டினார். "இங்க உக்காந்தா தெரியும்யா. இதவிட என்ன மெஷின்?" கண் பொய் சொல்லும் என்றுதான் சொல்லியிருக்கிறார், மற்ற அங்கங்களைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.

விருந்தாளிகள் வந்தால் பானெட் திறக்கப்படும். குரோம் பூசிய, தாம்பாளம் போன்ற ஏர் கிளீனர். அதன் கீழே, கைரேகை படாத 750. ஔவை அதியமானுக்காகத் தூது போனதும் இந்தத் தொண்டை நாட்டுக்குத்தான், தொண்டைமானிடம். அவன் ஆயுதச் சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்ன பாராட்டினாள் என்பது புறநானூறு 95இல் இருக்கிறது. மினுமினுக்கும் வேல்களைப் பார்த்து அவள் சொன்னதைக் கேட்டுத் தொண்டைமான் மகிழ்ந்தானா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மகிழ்ந்திருப்பான் என்பது என் துணிபு. மகிழ்கிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாய்க்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். சோழவரம் என்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலம். சிறுவனாக ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போனவர். 1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் திறந்த பிறகு அங்கேயும். ரேஸ் முடிந்து வண்டி உள்ளே வந்ததும் முதலில் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்களாம். பீங்கான் வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றாது, கருத்திருந்தால் அதிகம், பிஸ்கட் நிறத்தில் இருந்தால் விட்டுவிட வேண்டும். "அங்க யாரும் எது பெருசுன்னு கேக்க மாட்டாங்க சார். எது போதும்னு கேப்பாங்க." ரேஸ்காரர்கள் அப்படித்தான், சிக்கனக்காரர்கள். போதும் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு சிப்காட்டைக் கட்டியிருக்க முடியுமா?

இன்று இந்த நெடுஞ்சாலையின் இருபுறமும் எத்தனையோ ஆலைகள். ஒன்றிலிருந்துகூட கார்புரேட்டர் வைத்த வண்டி வெளியே வருவதில்லை. கார்கள் முன்பே விட்டுவிட்டன. மிச்சமிருந்த பைக்குகளில் பெரும்பாலானவையும் 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ். 6 வந்ததோடு விட்டன. இப்போது காற்றை சென்சார் அளக்கிறது, பெட்ரோலை கம்ப்யூட்டர் அளக்கிறது. ஐ.டி.ஐ. முடித்து வரும் பையனுக்கு ஸ்கேனர் செருகத் தெரியும், ஜெட் என்றால் விமானம் என்பான். அளவை மனிதன் தேர்ந்தெடுக்கிற கடைசி வாய்ப்பு இந்தப் பழைய வண்டிகளில்தான் இருக்கிறது. அந்த வாய்ப்பு எப்பேர்ப்பட்ட கைகளில் இருக்கிறது என்று நினைக்க நெஞ்சு விம்முகிறது.

எம்.டி. ஒரு கண்காட்சிக்காக ஜெர்மனி போனார். 10 நாள்.

மூன்றாம் நாள் பாய் போன் செய்தார். புதுப்பேட்டையில் ஒரு பழைய ஹோலி கிடைத்திருக்கிறது. இரண்டு தொண்டை, 350. உள்ளே சுத்தமாக இருக்கிறது. பார்க்கிறீர்களா என்றார்.

350 என்றால் அதுவும் அதிகம்தானே என்று நினைத்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது, அதுவும் என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். நான்கு தொண்டை கார்புரேட்டரை அளக்கும்போது 1.5 அங்குலப் பாதரச அழுத்த வித்தியாசம் வைத்து அளப்பார்கள். ஒன்று, இரண்டு தொண்டை கார்புரேட்டர்களை 3 அங்குலம் வைத்து அளப்பார்கள். இரண்டும் ஒரே கோல் அல்ல. நான்கு தொண்டைக் கோலில் சொல்ல வேண்டுமானால் 1.414ஆல் வகுக்க வேண்டும். 247. எஞ்சின் கேட்பது 267. "கடைசி இருநூறு முந்நூறு சுத்துல கொஞ்சம் மூச்சு புடிக்கும்" என்றார் பாய். "அங்க யார் சார் போறா?"

இரண்டாவது அடாப்டர் பிளேட் நைட் ஷிப்டில் ஆனது. டிராயிங் இல்லை. ரிப்போர்ட் இல்லை. பழைய ட்ரில்லிங் மெஷினில் பாய் கொடுத்த கேஸ்கெட்டை ஒட்டி, சென்டர் பஞ்ச் அடித்து, துளை போட்டோம். கம்பெனிக் கணக்கில் அந்த அலுமினியத் துண்டு ஸ்கிராப் என்று போயிருக்கிறது. ஒரு வசதி, இரண்டு ஹோலிக்கும் மேல் கழுத்து ஒன்றுதான், 5 1/8 அங்குலம். தாம்பாளம் அப்படியே உட்கார்ந்தது. திறந்து பார்த்தால் ஒழியத் தெரியாது. திறந்து பார்க்கிற பழக்கம் எங்கள் எம்.டி.க்கு கஸ்டமர் பாகங்களோடு சரி.

750ஐ பாய் நன்றாகக் கழுவி, எண்ணெய் தடவி, துணி சுற்றி, அது வந்த பெட்டியிலேயே போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார்.

எம்.டி. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தார். ஒரகடம் ஜங்ஷனில் பச்சை விழுந்ததும் காலை அமுக்கினார். வண்டி கேட்ட மாத்திரத்தில் பாய்ந்தது. சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் நாலாவது கியரில் ஊர்ந்தபோதும் இருமவில்லை. பின்னால் மேகம் இல்லை. எம்.டி. முகத்தில் கல்யாணக் களை. "சொன்னேன்ல? ஓட ஓட செட் ஆயிடும்னு. பெரிய சாமான் செட் ஆகக் கொஞ்ச நாள் புடிக்கும். பொறுமை வேணும்." நான் தலையாட்டினேன். பொறுமையில் அவரை மிஞ்சியவர் இல்லை. அந்தப் பத்து நாளும் அவர் ஜெர்மனியில் பொறுமையாக இருந்தார்.

போன மாதம் ஆடிட்டுக்கு வந்தவருக்குப் பழைய வண்டிப் பைத்தியம். ஆடிட் முடிந்து, பிரேம் போட்ட வாக்கியத்தைப் படம் எடுத்துக்கொண்டு, ஷெட்டுக்கு வந்தார். பானெட் திறந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ரொம்ப க்ளீனா இருக்கே சார். கார்ப் என்ன சைஸ்?" என்றார்.

எம்.டி. குரோம் மூடியை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். "எழுநூத்தம்பது."

ஆடிட்டர் புருவம் உயர்ந்தது. என் பக்கம் திரும்பினார். குவாலிட்டிக்காரன் ஆயிற்றே, உறுதி செய்து கொள்ளலாம் என்று. "எழுநூத்தம்பதா? இந்த எஞ்சினுக்கா?"

என் சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேல் இருந்தது. மூடியின் நட்டு கையால் கழற்றுகிற நட்டுதான்.

"ஆமா சார்" என்றேன். "எழுநூத்தம்பதுதான்."

பாய் துணியை எடுத்து, மூடியில் பதிந்திருந்த உள்ளங்கை ரேகையைத் துடைத்தார்.